பின்வரிசையில் நிற்பவர்கள்

கோவையில் டவுன்பஸ் கண்டக்டர் "லட்சுமி மில்ஸ் இறங்கு" என்று குரல் கொடுக்கிறார். இறங்கினால் அந்தப் பழைய மில் வளாகத்தில் இப்போது கடைகளும் ஓட்டல்களும்தான்! மில் போனாலும் ஸ்டாப்பின் பெயர் போகவில்லை.

ஊரின் முதல் பஞ்சாலை 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கியது. கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் என்பது ஏட்டுப் பெயர். ஜனங்களுக்கு அது ஸ்டேன்ஸ் மில். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் சங்குதான் அப்போது பல வீடுகளுக்குக் கடிகாரம். ஷிப்ட் முடிந்து வருபவர்களின் தலையெல்லாம் பஞ்சு.

பழைய போட்டோக்களில் இதெல்லாம் இல்லை. நாற்காலியில் அதிகாரிகள், கீழே அவர்கள் பெயர்கள். பின்வரிசையில் நிற்கும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் பெயரே கிடையாது. 1946 ஜனவரி 8ல் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று ஊர் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 11 பேரின் பெயர்களைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

பிறகு அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் போன அந்த மில், 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது. வீட்டில் மில் குரூப் போட்டோ இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பின்வரிசைப் பெயர்களைக் கேட்டுப் போட்டோவின் பின்னால் எழுதி வையுங்கள், நண்பர்களே.