மிச்சமிருந்த 13,000 பவுன்

போன வாரம் பிரிட்டிஷ் படையின் லெப்டினன்ட் ஜான் வாரனை, கோலார் பக்கத்து மாரிகுப்பத்தில் பொன் தோண்டும் குழி ஓரமாக நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1802. குழிக்குள் இறங்கிய உள்ளூர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக் கூடையில் போட, அது கை மாறிக் கை மாறி மேலே வந்தது. மேலே பெண்கள் அதைப் பாறைமேல் போட்டு இடித்து, பொடியைத் தண்ணீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்தார்கள். முதலீடு என்று பார்த்தால் கூடை, கடப்பாரை, உடம்பு. இந்தக் காட்சியை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

அங்கே பார்த்ததை வாரன் எழுதிய அறிக்கையை எழுபது வருஷம் கழித்து ஒருவர் அக்கறையாகப் படித்தார். மைக்கேல் லவேல், அயர்லாந்துக்காரர். நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த போரில் சிப்பாயாக இருந்துவிட்டு, பெங்களூரில் வந்து குடியேறியவர். 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அறுபது மைல் தள்ளியிருந்த கோலார் பக்கம் போனார். பழைய குழிகளைச் சுற்றிப் பார்த்தார். 1873-ல் அரசுக்கு மனு போட்டார். மைசூர் அப்போது பிரிட்டிஷ் கமிஷனரின் நிர்வாகத்தில் இருந்தது. லவேல் வைத்த வாதம் சாமர்த்தியமானது: கிடைத்தால் அரசுக்குப் பெரிய லாபம், கிடைக்காவிட்டால் அரசுக்குக் காலணா நஷ்டமில்லை, எனக்கு வேண்டியது தோண்டும் உரிமை மட்டும்தான். 1875-ல் இருபது வருஷ உரிமம் கைக்கு வந்தது.

உரிகம் அருகே குழி இறங்கியது. அதன் பிறகுதான் தலைவலி. சுரங்கம் என்பது அடகுக்கடைக்காரர் மாதிரி, தினமும் வட்டி கேட்கும். கூலி கொடுக்க வேண்டும், ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், பக்கச்சுவர் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்க வேண்டும். வருமானமோ பாறைக்குள் இருக்கிறது. ஒரு மனிதனின் சேமிப்பு எத்தனை அடி ஆழத்துக்குத் தாங்கும்? 1877-ல் லவேலின் உரிமை, மேஜர் ஜெனரல் பெரஸ்ஃபோர்டும் அவருடைய நண்பர்களும் சேர்ந்த பெங்களூர்க் கூட்டணியிடம் போனது. அவர்களாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாதென்று தெரிந்ததும், லண்டன் பக்கம் திரும்பினார்கள்.

நேரம் வாய்த்தது. நீலகிரி வயநாட்டில், நம்முடைய தேவாலா, பந்தலூர் மலைகளில், தங்கம் கொட்டிக் கிடப்பதாக 1880 வாக்கில் லண்டன் பங்குச் சந்தைக்கே காய்ச்சல் கண்டிருந்தது. காப்பித் தோட்டங்கள் தங்க வயல்களாக விலைபோயின. அங்கே போட்ட பணம் அநேகமாக மண்ணாய்ப் போனது என்பது தனிக் கதை. அந்தக் காய்ச்சலோடு காய்ச்சலாகக் கோலாருக்கும் கம்பெனிகள் முளைத்தன. சுரங்க நிர்வாகத்தில் பேர்போன ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தார்கள்.

கட்டுமானச் செலவைக் கேட்டால் தலை சுற்றும். குவார்ட்ஸ் கல்லை இடிக்க இரும்பு உலக்கைகள் வரிசையாக வேண்டும், அவற்றைத் தூக்கிப் போட நீராவி எஞ்சின், எஞ்சினுக்கு பாய்லர், பாய்லருக்கு எரிபொருள், தண்ணீர். இடித்த சேறு பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடும். பொன் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சுட்டால் பாதரசம் ஆவியாகி, பொன் மிஞ்சும். மாரிகுப்பம்வரை ரயில் வந்தது 1894-ல்தான். அதுவரை பௌரிங்பேட்டையில் (இன்றைய பங்காருபேட்டை) இறக்கிய இரும்பையெல்லாம் மாடுகள்தான் இழுத்தாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் பொன் கண்ணில் படவில்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தின. அவற்றில் ஒன்றான மைசூர் கம்பெனியின் கையில் எஞ்சியது சுமார் 13,000 பவுன் பணம். பங்குதாரர்கள் பலர் கடையை மூடி மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். டெய்லர் விடவில்லை, அதையும் குழியில் போடுவோம் என்று வாதாடி ஜெயித்தார்.

களத்தில் பொறுப்பேற்றவர் கேப்டன் பிளம்மர். புது இடம் தேடி அலையாமல், பழைய ஆட்கள் தோண்டி விட்டுப்போன குழிகளை எட்டிப் பார்த்தார். அவர்கள் நின்ற இடத்துக்குக் கீழே இறங்கச் சொன்னார். கூடையை வைத்துக்கொண்டு கல்லை இடித்தவர்களின் கை எட்டாத ஆழத்தில், சாம்பியன் ரீஃப் என்ற பொன் படிவம் காத்திருந்தது.

அந்த ஆழத்துக்கு இறங்க ஆள் வேண்டுமே. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டி ஏறியவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.