வேலை மாறும்போது ஃபார்முலாவும் கூட வரலாமா? வணிக ரகசியம் பற்றி சட்டம் சொல்வது என்ன?

கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். போட்டிக் கம்பெனி கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. போகலாமா? தாராளமாக. எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதில்தான் சிக்கல்.

அமீன்களையே எடுத்துக்கொள்வோம். அம்மோனியாவில் ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் கார்பன் தொகுதி வந்து உட்கார்ந்தால் அது அமீன். (மீன் வாடைக்குக் காரணமான ட்ரைமெத்தில் அமீனில் மூன்று ஹைட்ரஜனுமே மாறியிருக்கும். அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. எலுமிச்சையின் அமிலம் பட்டால் உப்பாகிவிடும், வாடையும் அடங்கும்.)

மெத்தனாலையும் அம்மோனியாவையும் சூடான வினையூக்கி மேல் செலுத்தினால் மெத்தில் அமீன்கள் கிடைக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, ரகசியமே இல்லை. ஆனால் மோனோ, டை, ட்ரை என மூன்றும் கலந்துதான் வரும். கம்பெனிக்கு அதிகம் தேவை டைமெத்தில் அமீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கூட்ட என்ன வெப்பநிலை, எவ்வளவு அம்மோனியா, எதைத் திரும்ப உள்ளே விடுவது? பல வருடம் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த அந்த எண்கள்தான் ரகசியம்.

பேட்டன்ட் வாங்கினால் 20 ஆண்டு பாதுகாப்பு உண்டு, ஆனால் செய்முறையை வெளியிட்டாக வேண்டும். ரகசியத்துக்குக் கெடு கிடையாது. வேறொருவர் சொந்தமாக ஆராய்ந்து அதையே கண்டுபிடித்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஒப்பந்தத்தையும் நம்பிக்கை மீறல் கொள்கையையும் வைத்தே நீதிமன்றங்கள் சமாளிக்கின்றன. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தனது 289-வது அறிக்கையில் தனிச்சட்டத்தைப் பரிந்துரைத்து, வரைவு மசோதாவும் கொடுத்தது.

'வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது' என்று ஆஃபர் லெட்டரில் இருந்தால் ரொம்பப் பயப்பட வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அது பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே கிளம்பினால் கதை வேறு. டயர் கார்டு நூல் ஆலையில் 5 ஆண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர் நடுவில் போட்டி ஆலைக்குப் போனார். மீதிக் காலத்துக்கு அவருக்கு விதித்த தடையை 1967-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

ரகசியம் காக்கும் நிபந்தனையோ வேலையை விட்ட பிறகும் தொடரலாம். உங்கள் திறமையும் அனுபவமும் உங்களுடையவை. கடைசி நாளில் பென் டிரைவில் ஏற்றிய பிளான்ட் டேட்டாவும், சொந்த மெயிலுக்கு அனுப்பிய எக்செல் ஷீட்டும் அப்படியல்ல. வழக்கு என்று வந்தால் கம்பெனி முதலில் தேடுவது அந்த மெயிலைத்தான்.