வழக்கறிஞர் கட்டண உத்தரவின் மீதான வட்டி (கலிஃபோர்னியா)

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மணமுறிவு போன்ற குடும்ப வழக்குகளில் ஒருவரின் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு செலுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். செலுத்தாமல் நிற்கும் தொகைக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி சேரும்.

குடும்பச் சட்டத் தொகுப்பின் 2030ஆம் பிரிவு, வசதியுள்ளவர் வசதியற்றவரின் கட்டணத்தை ஏற்கச் செய்கிறது. குடும்பத்தின் சம்பாத்தியம் முழுவதும் ஒருவர் கையில் இருக்க, மற்றவர் வக்கீல் வைக்க வழியின்றி நீதிமன்றத்தில் தனியே நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். சமரசத்துக்கு இடங்கொடாமல் வழக்கை இழுத்தடிப்பவர்மீது 271ஆம் பிரிவின்படி தண்டமாகவும் கட்டணம் விதிக்கப்படும். அதைக் கேட்பவர் தம் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை.

உத்தரவில் வட்டி என்ற சொல்லே இல்லாவிட்டாலும் வட்டி ஓடும். உரிமையியல் நடைமுறைத் தொகுப்பின் 685.010ஆம் பிரிவு வீதத்தையும், 685.020ஆம் பிரிவு தொடக்க நாளையும் சொல்கின்றன. மொத்தத் தொகை என்றால் உத்தரவு பதிவான நாளிலிருந்தும், தவணை என்றால் அந்தந்தத் தவணை செலுத்த வேண்டிய நாளிலிருந்தும் கணக்கு தொடங்கும். 2023 முதல் மருத்துவச் செலவு, தனிநபர் கடன் சார்ந்த சில தீர்ப்புகளுக்கு மட்டும் வீதம் 5 விழுக்காடு. பத்து விழுக்காடு என்பது மாநில அரசமைப்பு அனுமதிக்கும் உச்சம். கடுமையாகத் தோன்றினாலும் இது நியாயமானதே. தாமதத்துக்கு விலை இல்லையென்றால், பணம் உள்ளவருக்குத் தாமதமே ஆயுதமாகிவிடும்.

20,000 டாலர் உத்தரவு ஒன்றைப் பார்ப்போம். ஆண்டு வட்டி 2,000; நாளுக்கு ஏறத்தாழ 5.48 டாலர். ஓராண்டு கழித்து 3,000 டாலர் கட்டினால், முதலில் வட்டிக்கு 2,000 போகும்; அசலில் குறைவது 1,000 மட்டுமே. மீதி 19,000க்கு மறுநாள் முதல் வட்டி ஏறும். அதே நாளில் 20,000ஐ முழுதாகக் கட்டினாலும் 2,000 அசல் பாக்கி நிற்கும்.

கட்டணத்தை நேரே வழக்கறிஞருக்குச் செலுத்துமாறு உத்தரவிட குடும்பச் சட்டத் தொகுப்பின் 272ஆம் பிரிவு இடந்தருகிறது. அப்போது அவர் தம் பெயரிலேயே வசூலிக்கலாம். சேர்ந்த வட்டியை எம்.சி-012 என்ற படிவத்தில் உறுதிமொழியுடன் கணக்குக் காட்ட வேண்டும்.

பொதுவான பணத் தீர்ப்புகள் 10 ஆண்டுகளில் காலாவதியாகும். தொடர வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும். குடும்பச் சட்டத்தின்கீழ் வந்த பணத் தீர்ப்புக்கு அந்தக் கெடு இல்லை. 291ஆம் பிரிவின்படி, தொகை முழுவதும் தீரும்வரை அது செல்லும்.