பாட்டியிடமிருந்து தொடங்குவோம்



கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் பாட்டனோடு நின்றுவிடுகிறோம். செப்பேடும் பட்டயமும் நிலம் வைத்திருந்தவர்களுக்கே எழுதப்பட்டன. அதைப் பார்த்து, நமக்கு வரலாறே இல்லை என்று நாமும் நம்பிவிட்டோம். உண்மையில் நம் முன்னோர் பல பதிவேடுகளில் இருக்கிறார்கள். எழுதியவர்கள் பிறர் என்பதால் அவற்றைப் படிக்கும் முறையை நாம் கற்க வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டில் மூத்த பெண்களிடம் உட்காருவோம். எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. 'தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, கையில் பிள்ளை இருந்ததா?' என்று கேட்டால் வரும். அது 1964 டிசம்பர் என்று நாம் குறித்துக்கொள்ளலாம். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், குலதெய்வம் இருக்கும் ஊர் ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்வோம். பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பழைய ஊரையும் பங்காளிகளையும் குலதெய்வக் கோயிலே பெரும்பாலும் காட்டித்தரும்.

அடுத்து காகிதம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறித்தவரானவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு, ஊர் நிலத்துக்கு 'அ' பதிவேடு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசு ஆவணங்கள். கடல் கடந்தவர்களுக்குக் கப்பல் பதிவேடு உண்டு. சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன சுமார் 1,52,000 பேரில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர்.

அந்தச் சாதிக் கட்டத்தில் நாம் தடுமாறுவோம். பறையர், பஞ்சமர் ஆகிய பெயர்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' அரசு ஏடுகளில் வந்தது 1922இல், எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால். அதற்கு முந்தைய ஏடுகளில் பழைய பெயரிலேயே தேட வேண்டும். அது நம்மை இழிவுபடுத்த எழுதிய சொல்தான். ஆனால் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். அந்தத் துணிவோடு நாமும் அந்த ஏடுகளைத் திறப்போம்.

இது வெறும் ஆர்வத்துக்கான வேலை அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் வந்த அரசாணை வழியே பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அவற்றில் பல இன்று பிறர் கையில். நிலத்தைக் கேட்டுப் போகிறவரிடம் முதல் கேள்வி, 'பழைய பதிவேட்டில் உள்ளவருக்கு நீ என்ன முறை?' என்பதுதான். பேரன் என்று சொன்னால் போதாது. நடுவில் உள்ள தலைமுறைகளை வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

பதிவேட்டில் ஒரே ஊரில் நான்கு முனியன்கள் இருப்பார்கள். எந்த முனியன் நம் முனியன் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். காகிதம் எழும்பூரில் காத்திருக்கும்; அவர் காத்திருக்க மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போவோம்.