படம் வரையிறதுல பிஹெச்.டி-யா? தஞ்சாவூர் பக்கம் வாங்க!

‘‘பி.எஃப்.ஏ முடிச்சாச்சா? அடுத்து சைன் போர்டு எழுதப் போறியா?’’ - ஓவியம் படிக்கிறவரா இருந்தால், சொந்தக்காரர் கல்யாணத்தில் இந்தக் கேள்வியை நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ‘வரையிறதுல ஆராய்ச்சி பண்றேன்’னு சொன்னால் சிரிப்பே வரும். சிரிக்கிறவர்களைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.

கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட, குறுகலான பாதை. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை, 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். கயிலைக்குப் போகும் சுந்தரரும் சேரமான் பெருமாளும், முப்புரம் எரிக்கும் சிவன், ஆடும் பெண்கள்... எல்லாம் உயரமான சுவரில். பின்னால் நகர்ந்து பார்க்க இடமில்லை. மொபைல் கேமராவில் துண்டு துண்டாகத்தான் விழும். இங்கேதான் வரைகிற கைக்கு வேலை. எது ஓவியனின் கோடு, எது காரை வெடிப்பு? ஒவ்வொரு கோட்டிலும் நீங்கள் முடிவெடுக்கணும். ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று எழுதி, அடுத்தவர் சரிபார்க்கும்படி வைத்தால் அதுதான் ஆய்வு. அழகா ஒரு காப்பி எடுத்து வந்தால், அது வெறும் காப்பிதான்.

தலைப்புக்குப் பஞ்சமில்லை. அதே கோயிலின் மேல்தளத்தில் 108 கரணங்களில் 81 மட்டுமே செதுக்கப்பட்டிருக்கு, மிச்சம் வெறுங்கல். சரஸ்வதி மஹாலில், இரண்டாம் சரபோஜி காலத்தில் கண் நோயாளிகளின் கண்களை வரைந்து எழுதிய சிகிச்சைக் குறிப்புகள் இருக்கு. ஓவியம் மருத்துவத்துக்குச் சாட்சியான கதை அது. (எனக்கு நேரம் இருந்தால் இதைத்தான் எடுப்பேன்!) சுவாமிமலை ஸ்தபதிகள் ஓலையை மடித்து அளவெடுக்கிறதும் ஒருவகை வரைதல்தானே?

சரி, வழி? கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியும், 1981-ல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சிற்பத்துறையும் பக்கத்திலேயே இருக்கு. யு.ஜி.சி நெட் தேர்வில் காட்சிக்கலை தனிப் பாடம். ஜே.ஆர்.எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய். யு.ஜி.சி-யின் 2022 விதிப்படி, நான்கு வருஷ பட்டப்படிப்பில் 75% இருந்தால் எம்.எஃப்.ஏ இல்லாமலே பிஹெச்.டி-க்கு விண்ணப்பிக்கலாம். ஆனாலும் எம்.எஃப்.ஏ படிச்சிட்டுப் போங்க. நல்லா வரையத் தெரிஞ்சவங்க தடுக்கி விழுறது எழுத்தில்தான். அந்த இரண்டு வருஷத்தில் கை, பேனாவுக்கும் பழகும்.

இன்னொண்ணு, சோழர் ஓவியப் பாதை பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேணும். தலைப்பைப் பதிவு செய்த பிறகு அலையாதீங்க. அதுக்கு முன்னாடியே நெறியாளர் கையெழுத்தோட கடிதத்தைக் கொடுத்திடுங்க.