முக்கோணம் ச, கிண்ணம் ரி

இந்த வாரம் கிளாண்டன் விமானத் திடலுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். 1954 ஜூன் 30, அலபாமாவில் பீச் பழத் திருவிழா. தேவாலயப் பாட்டுகளை நான்கு குரலில் பாடும் பிளாக்வுட் சகோதரர்கள் குழு ஆர்தர் காட்ஃப்ரேயின் தொலைக்காட்சி மேடையில் ஜெயித்து இரண்டு வாரம் சொச்சம்தான் ஆகியிருந்தது. நாடு முழுக்க அவர்கள் பெயர்தான். அந்தச் சாயங்காலத்தைத் தொடும் முன் ஒரு விஷயத்தைப் பேசிவிட வேண்டும். இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்: பருத்திக்காட்டுப் பையன்கள், கடவுள் கொடுத்த குரல், படிக்காமலே வந்த பாட்டு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இவர்கள் படித்தவர்கள். முறையாகப் படித்தவர்கள்.

அப்பா வில்லியம் எம்மெட் பிளாக்வுட் மிசிசிப்பியின் சாக்டா கவுண்டியில் வாரத்துக்கு உழுதவர். நிலம் வேறொருவருடையது, விளைந்ததில் பங்கு கொடுத்தாக வேண்டும். அந்த வீட்டில் பியானோ வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. மூத்த மகன் ராய் 1900இல் பிறந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். டாயில் 1911. கடைக்குட்டி ஜேம்ஸ் 1919. ராயின் மகன் ஆர்.டபிள்யூ. 1921. சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் இரண்டே வயது வித்தியாசம். 1934இல் ராய் ஊர் திரும்பியதும் நான்கு பேரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். ‘சகோதரர்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்டாலும் நான்காமவர் மகன் முறை. ராய் டெனர் என்கிற உச்சக் குரல், ஜேம்ஸ் லீட் என்கிற மெட்டுக் குரல், டாயில் பேஸ் என்கிற அடிக்குரல், பாரிடோன் என்கிற நடுக்குரல் பதின்மூன்று வயது ஆர்.டபிள்யூவுக்கு.

பதின்மூன்று வயதுப் பையன் நடுக்குரலைப் பிடித்து நிற்பது லேசான காரியமல்ல. மெட்டு வேறொருவரிடம் இருக்கும். உச்சமும் இல்லை, அடியும் இல்லை. கேட்கிறவர் காதில் தனியாக விழவே விழாது. இரண்டு பக்கமும் இழுக்கும்போது தன் சுரத்தை விடாமல் நிற்க வேண்டும். இது வெறும் ஞானத்தால் வருவதில்லை, பாடத்தால் வருவது.

அந்தப் பாடம் நடந்த இடம்தான் பாட்டுப் பள்ளி. களையெடுப்பு முடிந்து, பருத்தி வெடிக்கும்வரை காட்டில் வேலை இருக்காது. கோடையின் அந்த இடைவெளியில் வெளியூர் வாத்தியார் ஒருவர் வருவார். பத்து நாள், சில ஊர்களில் இரண்டு மூன்று வாரம். இடம் தேவாலயமோ ஊர்ப் பள்ளிக்கூடமோ, கையில் சாக்கட்டி, ஒரு கரும்பலகை. பெரியவர், சின்னவர், அம்மா, பிள்ளை எல்லாரும் ஒரே வகுப்பு. கையை மேலும் கீழும் அசைத்துத் தாளம். முதலில் சுரத்தின் பெயரைச் சொல்லி முழுப் பாட்டையும் பாட வேண்டும், பிறகுதான் வார்த்தைக்கு அனுமதி. கீதம் படிக்கும் பிள்ளை சுரம் பாடி முடித்துச் சாகித்தியத்துக்கு வருவதை நம் வீடுகளில் பார்த்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. சாக்டா கவுண்டியில் அப்படிப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் வார்டமன் ரே. ஜேம்ஸ் சிறு பையனாக இருந்தபோதே அண்ணன் டாயிலோடு அவரிடம் போனவர். பிறகு அந்த வாத்தியாரோடு சேர்ந்தே ஒரு குழுவில் பாடினார்கள்.

இனி அந்த வகுப்புகளில் புழங்கிய பாடப் புத்தகத்துக்கு வருகிறேன். அப்படி ஒரு புத்தகப் பக்கத்தின் நகல் இதை எழுதும்போது என் மேசையில் இருக்கிறது. ஐந்து கோடுகள் இருக்கின்றன. கோட்டின் மேல் வழக்கமான முட்டை முட்டையான புள்ளிகளுக்குப் பதிலாக உருவங்கள். முக்கோணம் என்றால் ச. கிண்ணம் கவிழாமல் உட்கார்ந்திருந்தால் ரி. வைரம் க. செங்கோண முக்கோணம் ம. உருண்டை ப. சதுரம் த. கூம்பு நி. (அவர்கள் டோ, ரே, மி என்று சொல்வதை நம் கணக்கில் சொல்கிறேன்.) பாட்டு எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் ஆதாரம் முக்கோணம்தான். ஒரு கட்டைக்குப் பாடினாலும் ஐந்து கட்டைக்குப் பாடினாலும் ச என்பது ச என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே அறிவை ஒரு உருவத்துக்குள் அடக்கிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தே சரளமாக வாசிக்க வராத குடியானவர்கூட நான்கு குரலில் தன் குரலைக் கண்டுபிடித்துப் பாடிவிடலாம்.

இந்த உருவ முறையில் 1801இல் வந்த ‘ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’ புத்தகத்தில் நான்கே உருவங்கள். ஏழு சுரத்துக்கும் ஏழு உருவம் கொடுத்தவர் ஜெஸ்ஸி ஐகின், 1846இல், ஃபிலடெல்ஃபியாவில். இதைக் கொண்டாடாமல் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘முட்டாள் சுரம்’ என்றார்கள், ‘பக்வீட் சுரம்’ என்று ஒரு தானியத்தின் பெயரை வைத்து நையாண்டி செய்தார்கள். ஐரோப்பிய முறைதான் இசை, மற்றதெல்லாம் பட்டிக்காட்டுக் கூச்சல் என்ற அந்தக் கட்சிக்குத் தலைவர் பாஸ்டனின் லோவெல் மேசன். 1838இல் அந்த நகரப் பள்ளிகளில் இசைப் பாடத்தைக் கொண்டுவந்த பெரிய மனிதர், அதற்காக வணங்கலாம். ஆனால் ஏழைக்குக் கிடைத்த ஏணியைத் தட்டிவிடப் பார்த்தவர் என் கணக்கில் வில்லன்தான். 1834இல் அவரும் அவர் தம்பியும் தொகுத்த பாட்டுப் புத்தகத்தைச் சின்சினாட்டி பதிப்பாளர்கள், தொகுத்தவர்களுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தே உருவச் சுரத்தில் அச்சிட்டார்கள். மேற்கிலும் தெற்கிலும் ஜனங்கள் வாங்குவது அதைத்தான் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

என் கதாநாயகர் வர்ஜீனியாவின் ஆல்டின் கீஃபர். உள்நாட்டுப் போரில் அவர் தென்னவர் படை. அவர் தங்கையைக் கட்டிய எஃப்ரைம் ரூபுஷ் வடவர் படை. போர் முடிந்து, துப்பாக்கியைக் கீழே வைத்த கையோடு மாமனும் மச்சானும் சேர்ந்து பாட்டுப் புத்தகக் கம்பெனி நடத்தினார்கள்! ‘மியூசிக்கல் மில்லியன்’ என்று 1870இல் ஒரு பத்திரிகை. அதில் உருவச் சுரத்துக்காக மல்லுக்கு நின்றார் கீஃபர். பாட்டு வாத்தியார்களுக்கென்றே தனிப் பள்ளியும் வைத்தார்கள். அந்தத் தடத்தில் வந்தவர் டென்னசியின் ஜேம்ஸ் வாகன். 1910இல் புத்தகம் விற்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: நான்கு ஆண்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகப் பாட அனுப்பினார். கேட்டவர்கள் புத்தகம் வாங்கினார்கள். சதர்ன் காஸ்பல் நால்வர் குழு என்கிற தொழிலே அங்கேதான் பிறந்தது. வாகனிடம் வேலை பார்த்த வி.ஓ. ஸ்டாம்ப்ஸ் 1924இல் பிரிந்து தனிக்கடை போட்டார், இரண்டு வருடத்தில் பாக்ஸ்டர் கூட்டுச் சேர்ந்தார். அந்த ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் கம்பெனியின் ஆதரவில்தான் பிளாக்வுட் குழு 1940இல் அயோவாவின் கே.எம்.ஏ. வானொலிக்குப் போனது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பிளாக்வுட் குழு பாட ஆரம்பித்த அதே 1934இல், அதே தெற்கில், அலபாமாவின் ஓசார்க் பக்கம் ஜட்ஜ் ஜாக்சன் என்ற கறுப்பினத்தவர் ‘கலர்ட் சேக்ரட் ஹார்ப்’ என்ற உருவச் சுரப் புத்தகத்தை வெளியிட்டார். (ஜட்ஜ் என்பது அவர் பெயர், உத்தியோகமல்ல.) முக்கோணமும் சதுரமும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரே ஊரில் இரண்டு நிறத்தாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பாட அந்தத் தெற்கு விடவில்லை. பிளாக்வுட் குழுவின் புகழை எழுதுகிறவர்கள் ஜாக்சனுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கிளாண்டனுக்கு முன்னால் இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1954இல் மேடையில் நின்ற நால்வரில் பழைய சாக்டா கவுண்டிக் குரல் இரண்டுதான்: ஜேம்ஸ், ஆர்.டபிள்யூ. பேஸ் பாடிய பில் லைல்ஸ் 1947இல் வந்தவர், டெனர் பில் ஷா 1952இல் வந்தவர். வேறு வேறு ஊர், வேறு வேறு குழு. வந்து நின்றதும் நான்கு குரலும் ஒரே வீட்டில் வளர்ந்ததுபோல் பொருந்தின என்றால், தெற்கு முழுக்க ஒரே இலக்கணம் பரவியிருந்ததுதான் காரணம். அந்தந்தக் குரலுக்குரிய இடம் அப்படியே இருக்கும், அதில் நிற்கும் ஆள்தான் மாறுவார். ஜூன் 30க்குப் பிறகு ஜேம்ஸ் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவிலிருந்து வந்த ஜே.டி. சம்னர் என்ற நெடிய மனிதர் சில வாரங்களில் பில் லைல்ஸின் இடத்தில் நின்று எப்படிப் பாட முடிந்தது என்பதற்கும் இதுவே விளக்கம்.

கிளாண்டனை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு இங்கே நிறுத்துகிறேன்: இருட்டுவதற்குள் ஓடுதளத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆர்.டபிள்யூ. விமானத்தில் ஏறுகிறார், பக்கத்தில் பில் லைல்ஸ். ஜேம்ஸ் கீழேயே நின்றுவிடுகிறார்.

(தொடரும்)