கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

மலேசியாவின் தஞ்சோங் காராங் சாலையில் பின்னிரவு விபத்து நடந்தால், குடித்து ஓட்டியவனைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்த எனக்கு அது போதவில்லை; அந்தக் குடியின் பழைய கதையையும் சொல்லவேண்டும்.

வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளக் காசில் ஒரு பங்கு தோட்ட எல்லையைத் தாண்டாமலே அங்கே போய்ச் சேர்ந்தது. இதை நம் ஆட்கள் வாய்பொத்தி ஏற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூடவும் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கமும் ஒழியவேண்டும் என்றார்கள். முன்னின்ற ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இது பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்.

சைக்கிள் போய் மோட்டார் வந்தது; குடி மட்டும் போகவில்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020 அக்டோபரில் கடுமையானது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்றிருந்த வரம்பு 50 ஆனது. குடித்து ஓட்டி உயிர்போகச் செய்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை.

அடிபட்டவருக்கும் சட்டம் உண்டு. வேலைக்குப் போகும் வழியில் விபத்தென்றால் தொழிலாளி சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கேட்கலாம். ஓட்டியவன்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம். இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு 3 ஆண்டுதான். போலீஸ் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துக்கொண்டு அந்த மூன்றையும் அழுதே கழித்துவிடும் வீடுகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.